ஒட்டுசுட்டான் வளவுக்கு எந்தக் குட்டி? அல்சேஷனா, பக்கத்து வீட்டு ஊர்நாயா?

ஈச்சங்காடு
எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானில் பெரிய வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே இரண்டு ஏக்கர் வளவு. வீட்டில் மாமி, இவர், நான், பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 4. இவர் காலையில் முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவார். ஆடு, கோழி இருக்கின்றன. முன்பக்கம் தகர வேலி. பின்பக்கம் முள்ளுக்கம்பி, அதுவும் ஒரு மூலையில் சரிந்து கிடக்கிறது. கிழட்டு நாய் செத்த பிறகு குரங்கு விறாந்தை வரை வருகிறது, பன்றி மரவள்ளியைக் கிண்டிவிட்டுப் போகிறது.

மூன்று வழி இருக்கிறது. வவுனியாவில் ஒருவர் அல்சேஷன் குட்டி விற்கிறார். ஐந்து கிழமைக் குட்டி, "இப்பவே எடுத்தால்தான் உங்களோடு ஒட்டும்" என்கிறார். இவருக்கு அதில்தான் ஆசை. இரண்டாவது, பக்கத்து வளவில் ஊர்நாய் ஒன்று ஆறு குட்டி போட்டிருக்கிறது, சும்மா தருவார்கள். மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் இவருடைய பெரியம்மா வெளிநாடு போகிறா, அவவுடைய ஆறு வயதுப் பொமரேனியனை எங்களிடம் விடலாமா என்று கேட்கிறா. எதை எடுப்பது? சும்மா "நாட்டு நாய்தான் நல்லது" என்று ஒரு வரியில் எழுதாமல் காரணத்தோடு சொல்லுங்கள்.

பரந்தன் சந்தி
தங்கச்சி, மற்றக் கதை எல்லாம் பிறகு. ஐந்து கிழமையில் குட்டியைத் தாயிடம் இருந்து பிரித்து விற்கிறவரிடம் வாங்க வேண்டாம். குறைந்தது எட்டுக் கிழமை தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் நிற்க வேண்டும். கடித்து விளையாடும்போது எவ்வளவு கடித்தால் மற்றது கத்தும், எவ்வளவு கடித்தால் தாய் உறுமும் என்று அது அந்தக் கிழமைகளில்தான் பழகுகிறது. அதைப் பழகாத குட்டி உங்கள் நாலு வயதுப் பிள்ளையின் கையில்தான் பழகும்.

"இப்ப எடுத்தால்தான் ஒட்டும்" என்பது வியாபாரப் பேச்சு. ஐந்து கிழமைக் குட்டி நிறையத் தின்னும், நிறையக் கழியும். விற்கிறவருக்குச் செலவு கூடுகிற நேரம் அது. வேறு ஒன்றும் இல்லை.

கனகராயன்
அல்சேஷன் என்றதும் எல்லோரும் பாயப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். நான் இரண்டு வளர்த்தவன், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

1899 இல் ஜெர்மனியில் மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி செம்மறி மேய்க்கிற நாய்களை எடுத்து உருவாக்கத் தொடங்கிய இனம் இது. வேலை செய்யப் பிறந்த நாய். சொன்னதைச் சட்டென்று பிடிக்கும், வீட்டுக்காரரில் உயிரையே வைக்கும். ஆனால் வேலை கொடுக்காவிட்டால் அது தானாக ஒரு வேலை தேடும். உங்கள் ஆட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது அதில் ஒன்று. ஆடு மெலியும், நீங்கள் நாயைக் கட்டுவீர்கள், கட்டினால் அது கடிநாயாகும். பகலில் உங்களோடு மாமியும் சின்னவளும்தான் வீட்டில். காலையும் மாலையும் அதை நடக்கக் கூட்டிப் போக யார் இருக்கிறார்கள்? முப்பது கிலோவுக்கு மேல் வளரும். இரண்டு நேரம் இறைச்சி, மீன், முட்டை என்று ஏதாவது வேண்டும். சோறும் சொதியும் ஊற்றி வளர்த்தால் எலும்பு போய்விடும்.

இன்னொன்று, இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு நோய் பரம்பரையாக வரும். விற்கிறவர் தாயையும் தகப்பனையும் காட்ட வேண்டும். தாயை நடக்க விடச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்கால் ஆட்டம் காட்டினால் குட்டியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வாருங்கள். படம் மட்டும் அனுப்புகிறவர் தாயைக் காட்ட மாட்டார், நான் பந்தயம் கட்டுவேன்.

கறுவல்
இவருக்கு ஆசை என்றால் இவரையே காலையில் ஐந்து மணிக்கு எழும்பி நாயோடு ஓடச் சொல்லுங்கள் அக்கா. ஒரு கிழமையில் ஆசை போய்விடும்.

கமக்காரன்
பிள்ளை, நான் நெடுங்கேணிப் பக்கம். உங்கள் பகுதியும் யானை நடமாடுகிற இடம்தானே. அதனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியது குரைக்கிற நாயா, துரத்துகிற நாயா? இரண்டும் வேறு வேறு.

யானைக்கு நாய் என்றால் ஆகாது. துரத்துகிற நாய் இருட்டில் யானைக்குக் கிட்டப் போய் நின்று குரைக்கும். யானை திரும்பினால் அது காட்டுக்குள் ஓடாது, நேரே எசமான் நிற்கிற இடத்துக்குத்தான் ஓடி வரும். பின்னால் யானையும் வரும். டோர்ச் லைட்டோடு முற்றத்தில் நிற்கிறவன் கதி என்ன? படலைக்குள் நின்று குரைத்து எங்களை எழுப்பிவிட்டால் காணும். வெடி கொளுத்துகிறதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

பன்றிக்குப் பின்னால் காட்டுக்குள் ஓடுகிற நாயும் நிலைக்காது. ஒன்று பன்றிக் கொம்பு கிழிக்கும், அல்லது யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டும், அல்லது தீனிக்குள் வைத்த பன்றிவெடியைக் கடித்து வாய் சிதறும். தாய் வளவோடு நிற்கிற நாயாக இருந்தால் குட்டியும் பெரும்பாலும் அப்படி வரும். தாய் வேட்டைக்குப் போகிற நாய் என்றால் குட்டியும் இரத்தவாடைக்கு ஓடும். அதனால் குட்டியைப் பார்க்க முதல் தாயைப் பற்றி அயலில் விசாரியுங்கள்.

மற்றது, எங்கள் ஆட்கள் நகம் எண்ணி எடுப்பார்கள். இருபது நகம் இருந்தால் காவலுக்கு நல்லது. கழுத்துத் தோலில் தூக்கிப் பிடித்தால் கத்தாத குட்டி ரோசமான குட்டி. அண்ணாக்குக் கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

மருந்துப்பெட்டி
கமக்காரன் ஐயா சொன்ன யானைக் கதை நூற்றுக்கு நூறு சரி. கடைசிப் பந்தியோடு மட்டும் எனக்குச் சண்டை.

நான் கால்நடைத் திணைக்களத்தில் களவேலை செய்கிறவள். நாய்க்கு முன்காலில் ஐந்தைந்தும் பின்காலில் நாலு நாலுமாகப் பதினெட்டு நகம் இருப்பதுதான் வழமை. சிலதுக்குப் பின்காலில் உள்பக்கம் ஒவ்வொரு நகம் கூடுதலாக இருக்கும், அப்போது இருபது. அது பரம்பரைச் சங்கதி, காவலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பல நேரம் அந்த நகம் தோலில் சும்மா தொங்கும், கம்பியில் மாட்டிக் கிழியும், வளைந்து சதைக்குள் இறங்கும். அண்ணாக்குக் கறுப்பும் நிறம்தான். கழுத்தில் தூக்கினால் கத்தாத குட்டி பயத்தில் விறைத்துப் போன குட்டியாகவும் இருக்கலாம். கத்துகிறது தனக்கு நோகுது என்று சொல்கிறது, அதில் என்ன குறை?

நான் பார்க்கச் சொல்வது வேறு. மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும். வெளிறி இருந்தால் கொக்கிப்புழு அல்லது உண்ணி இரத்தத்தைக் குடிக்கிறது. சாப்பிட்ட உடனே வயிறு உப்புவது சாதாரணம். ஆனால் விலா எலும்பு தெரிய வயிறு மட்டும் பானை போல நிற்குமென்றால் உள்ளே பூச்சி நிறைய. வாலைத் தூக்கிப் பாருங்கள், கழிச்சல் காய்ந்து ஒட்டியிருக்கக் கூடாது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல் இருந்தால் அந்தக் குட்டியை மட்டுமல்ல, அந்த ஈற்றில் எதையும் எடுக்காதீர்கள். தொப்புளில் மெத்தென்ற கட்டி இருந்தால் குடலிறக்கம், சின்னதென்றால் பயமில்லை, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அக்குளிலும் காதுக்குள்ளும் தெள்ளு, உண்ணி தேடுங்கள்.

முக்கியமாக ஒன்று. உங்கள் பழைய நாய் எதனால் செத்தது? அதற்கு முதல் வளவில் ஏதாவது குட்டி இரத்தமாகக் கழிந்து, வாந்தி எடுத்துச் செத்ததா?

ஈச்சங்காடு
பழையது வயது போய்ச் செத்தது. ஆனால் இரண்டு மழைக்கு முதல் இவருடைய தம்பி கொண்டு வந்த குட்டி ஒன்று நீங்கள் சொன்ன மாதிரித்தான் செத்தது. ஏன் கேட்கிறீர்கள்?

மருந்துப்பெட்டி
அது பார்வோ வைரஸாக இருந்திருக்கலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். சீமெந்துத் தரையைக் குளோரின் கரைசலால் கழுவலாம், மண்முற்றத்துக்கு அது சரிவராது. வெயில் நன்றாகப் படுகிற இடத்தில் சீக்கிரம் சாகும், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் நின்று பிடிக்கும். இரண்டு மழை தாண்டிவிட்டதால் உங்களுக்குப் பெரிய பயம் இல்லை. இருந்தாலும் தடுப்பூசி தொடங்காத குட்டியைப் பழைய குட்டி கிடந்த மூலையில் விடாதீர்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கும். மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, நாலு மாதம் வரை தொடர வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சு" என்று விற்கிறவர் சொன்னால் அட்டையைக் கேளுங்கள். மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும், திகதியும் வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பேனையால் கிறுக்கிய வெறும் அட்டை செல்லாது. எலிக்காய்ச்சல் தடுப்பும் அந்த ஊசிகள் சிலவற்றில் உண்டு, கேட்டுப் போடுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் என்ன பாடு படுத்தியது என்று மறந்திருக்க மாட்டீர்கள். வயலும் எலியும் உள்ள எங்கள் பக்கத்தில் நாய்க்கும் அது வரும்.

விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடுவார்கள். குட்டிக்கு மூன்று மாத வயது ஆவதற்கு முதல் போட்டிருந்தால் திரும்பப் போட வேண்டும், பிறகு வருடா வருடம்.

பூச்சிக் குளிசையைத் தள்ளிப் போடவே வேண்டாம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு உருளைப்புழு தொற்றும். இரண்டு கிழமையில் தொடங்கி, எட்டுக் கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருக்கால். சின்னவள் மண்ணில் விளையாடுகிற வயது. குட்டியின் கழிவைக் கிடந்த இடத்தில் விடாமல் எடுத்துப் புதையுங்கள், அந்தப் புழுவின் முட்டை பிள்ளைகளின் வயிற்றுக்குள்ளும் போகும்.

குளக்கட்டு
மருந்துப்பெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "குட்டி நாய்தானே கீறினது" என்று விடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். குட்டிக்கும் விசர் வரும். புதிதாகக் கொண்டு வந்த, எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டி கடித்தாலோ கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் பூச வேண்டாம்.

நாயைப் பிரதேச சபையில் பதியவும் வேண்டும். 1901 ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைக்கும் இருக்கிறது. எத்தனை பேர் பதிகிறோம் என்று கேட்காதீர்கள்.

கமக்காரன்
சரி பிள்ளை, நகக் கணக்கை விடுகிறேன். ஆனால் என்னிடம் இருந்த இருபது நகக்காரன் பன்னிரண்டு வருடம் காவல் காத்தவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முறிகண்டி அக்கா
நான் பொமரேனியனுக்காகக் கதைக்க வந்தேன், ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆறு வயது என்பது நல்ல விஷயம். அதன் குணம் என்னவென்று இப்போதே தெரியும். குட்டியில் செய்கிற சோதனை எதுவும், சாவியைப் போட்டுப் பார்ப்பது, மல்லாக்கக் கிடத்திப் பார்ப்பது எல்லாம், வளர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்லாது. வளர்ந்த நாயில் அந்தக் குழப்பம் இல்லை. பெரியம்மாவிடம் கேளுங்கள். பிள்ளைகளைக் கண்டால் என்ன செய்யும்? சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுமா? இடிக்கு எங்கே ஒளியும்? அவ உண்மையைச் சொல்லுவா, ஏனென்றால் திருப்பி அனுப்பினால் அவவுக்குத்தான் கஷ்டம்.

குட்டி நாய் என்றால் மாமியின் காலுக்குள் ஓடும். வயதான ஆள் இடறி விழுந்து இடுப்பு உடைந்தால் வீடே படுத்துவிடும். அதையும் யோசியுங்கள்.

கறுவல்
பொமரேனியன் பன்றியை மறிக்குமா அக்கா?

முறிகண்டி அக்கா
மறிக்காது. ஆனால் ஒரு கிலோமீற்றருக்குக் கேட்கக் குரைக்கும். குரைத்தால் காணும் என்று ஐயாவே சொல்லிவிட்டாரே.

கனகராயன்
அக்கா, வன்னி வெயிலை மறந்துவிட்டீர்கள். அந்த மயிர்க்கட்டோடு தகரக் கூரைக்குக் கீழ் ஜூலை, ஓகஸ்ட்டில் என்ன செய்யும்? மயிருக்குள் உண்ணி ஏறினால் தேடிப் பிடிக்கவும் முடியாது. உண்ணிக் காய்ச்சல் வந்து மூக்கால் இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். யாழ்ப்பாணத்தில் சீமெந்து வீட்டில், மின்விசிறிக்குக் கீழ் வளர்ந்த நாய் அது. நான் வேண்டாம் என்பேன்.

பரந்தன் சந்தி
இப்போது ஊர்நாய்க் குட்டிகளுக்கு வருவோம். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. அடுக்களைப் பக்கம், ஆட்கள் நடமாடுகிற இடத்தில் பிறந்த குட்டிக்கும், மதகுக்குக் கீழ் பிறந்து இரண்டு மாதம் மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டிக்கும் நிறைய வித்தியாசம். மூன்றாம் கிழமை தொடங்கி மூன்று மாதம் வரைக்கும் குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதெல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும். கோழி, ஆடு, உழவு இயந்திரச் சத்தம், சைக்கிள், வேட்டி கட்டிய ஆள், ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் அதற்குள் வர வேண்டும். அந்தக் காலம் தாண்டிவிட்டால் பயந்த நாயாகத்தான் வரும். பயந்த நாய்தான் கடிக்கிற நாய்.

ஊசி முடியும் வரைக்கும் வெளியே விடாதே என்று வைத்தியர் சொல்வார், இது அதற்கு எதிராகத் தெரியும். கையில் தூக்கிக்கொண்டு போங்கள். சந்தை நிலத்திலும் மற்ற நாய்கள் கழிக்கிற இடத்திலும் இறக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பக்கத்து வளவுக் குட்டிகள் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி. ஒரு தரம் பார்த்து முடிவெடுக்காமல் காலை, மத்தியானம், பின்னேரம் என்று வேறு வேறு நேரம் போய்ப் பாருங்கள். காலையில் துள்ளுகிறது மத்தியானம் சுருண்டு கிடக்கும், அதைச் சோம்பல் என்று நினைக்கக் கூடாது. திறப்புக் கோர்வையைக் கொஞ்சம் தள்ளி நிலத்தில் போடுங்கள். திடுக்கிட்டாலும் பரவாயில்லை, பிறகு வந்து மணந்து பார்க்கிறதா என்றுதான் கவனிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதலில் ஓடி வந்து மற்றதை எல்லாம் தள்ளி விழுத்துகிறதும் வேண்டாம், மூலையில் ஒடுங்குகிறதும் வேண்டாம்.

இரண்டு எடுக்கலாமா என்று மூத்தவன் கேட்பான் பாருங்கள். ஒரே ஈற்றில் இரண்டை எடுத்தால் அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், உங்கள் சொல்லைக் கேட்காது.

குளக்கட்டு
கடுவனா பெட்டையா என்று ஒருவரும் சொல்லவில்லையே. வன்னியில் எல்லோரும் கடுவனைத்தான் தேடுவார்கள். மிஞ்சுகிற பெட்டைக் குட்டிகள் சாக்கில் போய்க் கோயில் வாசலிலும் சந்தையிலும் ஏ9 ஓரத்திலும் இறங்கும். வைரவர் வாகனம் என்று கும்பிடுகிற ஊரில் நடக்கிற வேலை இது.

பெட்டை வீட்டை விட்டு அதிகம் அலையாது, பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கும் என்று அனுபவத்தில் சொல்லலாம், விதி என்று இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பருவம் வரும், ஏழெட்டுக் கடுவன் படலையில் நிற்கும், உங்கள் சரிந்த கம்பிவேலி எதையும் மறிக்காது. கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்துவிட்டால் அந்தக் கரைச்சல் இல்லை. முதல் பருவத்துக்கு முன் செய்தால் முலைக்கட்டி வருகிற வாய்ப்பும் நன்றாகக் குறையும், கருப்பையில் சீழ் பிடிக்கிற நோயும் வராது. கடுவனுக்கும் செய்யலாம், அலைச்சலும் சண்டையும் குறையும். காவல் குறையாது, அந்தப் பயம் வேண்டாம்.

மருந்துப்பெட்டி
வேலியைப் பற்றி நானும் சொல்ல இருந்தேன். குட்டி வருவதற்கு முதல் இரண்டு வேலை. சரிந்த கம்பியைக் கட்டுங்கள். கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் சுற்றி வலை அடியுங்கள், கட்டில்லாத் தோட்டக் கிணற்றில் விழுந்து சாகிற குட்டிகள் நிறைய. வேலியில்லாத வளவில் எந்தக் குட்டியை எடுத்தாலும் கடைசியில் சங்கிலிதான் வரும்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய் காவல் நாய் இல்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஒரே இரவில் வெள்ளம் ஏறியது நினைவிருக்கும். கட்டிய நாய்க்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை.

ஈச்சங்காடு
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வவுனியாக்காரரிடம் தாயைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். தாய் வேறு இடத்தில் நிற்கிறது, குட்டியைப் பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன் என்றார். கனகராயன் அண்ணா, பந்தயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் ஐந்து மணிக்கு எழும்புவீர்களா என்று கேட்டதும் பேச்சு நின்றது.

பொமரேனியனை மாமி தீர்த்து வைத்தா. "அது என்னைப் பார்க்கவா, நான் அதைப் பார்க்கவா?" என்று ஒரே கேள்வி. பெரியம்மாவின் அயலில் ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறாவாம், அங்கேயே, பழகிய ஒழுங்கையிலேயே நிற்கட்டும்.

பக்கத்து வளவுக்கு மூன்று தரம் போய்ப் பார்த்தோம். தாய் எங்களைக் கண்டு குரைத்தது, வீட்டுக்கார அன்ரி சொன்னதும் நின்றுவிட்டது. கோழி அதன் முதுகைத் தாண்டிப் போகிறது, திரும்பியும் பார்க்கவில்லை. காட்டுப் பக்கம் போகிற நாயும் இல்லையாம். மூத்தவன் திறப்பைப் போட்டுப் பார்த்தான். ஒரு செவலைக் குட்டி பின்வாங்கி, பிறகு வந்து திறப்பை வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டது. பெட்டைதான். முரசு சிவப்பு, வயிறு கொஞ்சம் உப்பல், ஆறுக்கும் குளிசை வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஆறு கிழமை, எட்டு முடிய எடுப்போம். அதற்குள் இவர் வேலியைக் கட்ட வேண்டும், அதுதான் பெரிய கேள்வி.

கமக்காரன் ஐயா, நகம் எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு.

கமக்காரன்
அண்ணாக்கு?

ஈச்சங்காடு
பாதி கறுப்பு ஐயா.

கமக்காரன்
அப்ப பாதிக் காவல் நிச்சயம்.

மருந்துப்பெட்டி
கூட்டி வருகிற அன்றைக்குத் தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள், அந்த மணத்தில் இரவில் அழுகை குறையும். முதல் கிழமை அங்கே என்ன தின்றதோ அதையே கொடுங்கள், சாப்பாட்டை மெதுவாக மாற்றலாம். பசும்பாலும் பால்மாவும் நிறையக் கொடுத்தால் கழியும். சமைத்த கோழி எலும்பு வேண்டாம். வெங்காயம் போட்ட கறியும் வேண்டாம். காய்ச்சல் என்று நினைத்துப் பரசிற்றமோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது நஞ்சாகலாம்.

குளக்கட்டு
ஈச்சங்காடு தங்கச்சி, மிச்சம் ஐந்தில் பெட்டைக் குட்டி எத்தனை? மாங்குளத்தில் எங்களுக்கு ஒன்று வேண்டும். வேலி இருக்கிறது, கிணறும் கட்டுக் கிணறு. பகல் முழுக்க அம்மா வீட்டில்.

ஈச்சங்காடு
இரண்டு இருக்கிறது அக்கா. ஆனால் அன்ரி கேட்கிறா, கருத்தடை செய்விப்பீர்களா என்று. இந்த இழையை நான் வாசித்துக் காட்டினதால் வந்த வினை.

குளக்கட்டு
செய்விப்பேன் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை வந்து தாயையும் பார்க்கிறேன்.